மாமா, பால்கனியில் நிற்க வேண்டாம்

பதுவா,
இத்தாலி, மார்ச் 19

என் மதிப்புக்கும் அச்சத்துக்கும் உரிய ஃபாத்மிர் மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகன் எர்மால் தலைகுனிந்து எழுதிக்கொண்டது.

இங்கே அம்மாவும் நானும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் விட்டோரே அத்தையின் ரத்தக் கொதிப்பும் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். நம் ஊர் வ்லோராவில் மழை நின்று, கடலில் மீன் நன்றாகக் கிடைக்கிறது என்று அம்மா சொன்னாள், மிக்க மகிழ்ச்சி. இந்தக் கடிதத்தை நீங்கள் புதுப் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து படிக்கத் தொடங்கியிருந்தால், தயவுசெய்து எழுந்து, மெதுவாக, காலை ஓங்கி வைக்காமல், கூடத்துக்குள் போய் உட்கார்ந்து மீதியைப் படிக்கவும். அத்தை கீழே எலுமிச்சை மரத்தடியில் இருந்தால் அவர்களையும் உள்ளே கூப்பிட்டுக்கொள்ளவும். காரணத்தைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். சுருக்கமாக எழுதினால் நான் எப்படிப்பட்டவன் என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும். விவரமாக எழுதினால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும் என்பதால் இப்படி.

ஜனவரியிலிருந்து தொடங்குகிறேன். எனக்குக் கட்டுமானப் பாடத்தில் ஒரே ஒரு வாய்மொழித் தேர்வு பாக்கி இருந்தது. அதை முடித்தால் மார்ச்சில் பட்டம். இங்கே தேர்வு என்றால் வகுப்பு முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும், நாம் பலகைக்கு முன்னால் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டும். முப்பதுக்குப் பதினெட்டு எடுத்தால் தேர்ச்சி. இதில் இன்னொரு வழக்கமும் உண்டு. கொடுத்த மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால், வேண்டாம், அடுத்த முறை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எனக்கு முன்னால் நின்ற பெர்கமோ ஊர்ப் பையன் இருபத்தைந்தை வேண்டாம் என்றான். சூப்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுகிறவன் மாதிரி சொன்னான். அவனுக்கு முன்னால் ஒரு பெண் இருபத்தேழையே வேண்டாம் என்றாள். பிறகு என் முறை. எங்கள் பேராசிரியை பெகொராரோ அம்மையாருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே எல்லாருக்கும் அவரிடம் பயம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பத்தொன்பது தரலாம். எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டார். மாமா, எனக்கு அந்தப் பத்தொன்பது தாராளம். அதைக் கையில் வாங்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கி ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் பின்னால் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுப் பையன் கீழே விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு போகிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்று தோன்றிய அந்த ஒரு நொடியில், "வேண்டாம், மேடம்" என்று சொல்லிவிட்டேன். "நிச்சயமாவா?" என்றார். அப்போதாவது வாயைத் திருத்திக்கொண்டிருக்கலாம். "நிச்சயமா" என்றேன்.

அன்று மாலை அம்மா போனில், "எவ்வளவுடா குடுத்தாங்க?" என்று கேட்டாள். "பத்தொன்பது குடுத்தாங்கம்மா" என்றேன். கொடுக்கத்தான் செய்தார்கள். நான் வாங்கவில்லை என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்வதாக இருந்தேன். அதற்குள் அம்மா அழ ஆரம்பித்து, போனைக் கையில் பிடித்தபடியே உங்கள் வீட்டுக்கு ஓடிவிட்டாள். மறுநாள் காலையில் நீங்கள் காபிக்கடையில் எல்லாருக்கும் ராக்கிச் சாராயம் ஊற்றிக் கொடுத்ததும், மூன்றாம் நாள் உங்கள் வாசலில் 'பொறியாளர் எர்மாலின் தாய்மாமன் இல்லம்' என்று பலகை அடித்ததும், அதன் புகைப்படம் எனக்கு வந்ததும் உங்களுக்கே தெரியும். அந்தப் புகைப்படத்தில் நீங்கள் சுத்தியலோடு சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பிப்ரவரியில் தேர்வை முடித்துவிட்டால் பொய் தானாகவே மெய்யாகிவிடும், யாரிடமும் எதையும் சொல்ல வேண்டி வராது என்று கணக்குப் போட்டேன்.

அந்த வாரமே நீங்கள் கூப்பிட்டு, "மருமகனே, பக்கத்து வீட்டு ஜெவாத்தோட பால்கனி எவ்வளவு நீட்டிக்கிட்டு நிக்குது தெரியுமா? ஒண்ணரை மீட்டர். நமக்கு ரெண்டேகால் வேணும். கடல் அவனுக்கு முன்னாடி நமக்குத் தெரியணும்" என்றீர்கள். வங்கெல் மேஸ்திரிக்கே இதெல்லாம் தெரியுமே மாமா என்று நான் மெல்ல நழுவப் பார்த்தேன். "அவன் முப்பது வருஷமாக் கட்டறான்தான், இல்லேங்கல. ஆனா படிச்சவன் இல்லையே. நீ வரைஞ்சு அனுப்பு. பதுவாவுல வரைஞ்சதுன்னு சொன்னா ஜெவாத்துக்குச் சோறு இறங்காது" என்றீர்கள். நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். எலுமிச்சை மரத்தைக்கூட விடாமல் போட்டேன். எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடும்போது, பெயருக்கு முன்னால் 'பொறியாளர்' என்று எழுதினேன். எழுதும்போது யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டது உண்மை. எழுதிய பிறகு பார்க்க அழகாக இருந்தது என்பதும் உண்மை. இதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

பிப்ரவரித் தேர்வில் பெகொராரோ அம்மையார், "ஒரு பால்கனி போடுங்க. சுவத்துலேருந்து வெளிய நீட்டி, கீழ தூண் இல்லாம" என்றார். மாமா, எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன். கடவுளே கேள்வித்தாள் தயாரித்ததாக நினைத்தேன். உங்கள் பால்கனியை அப்படியே, அளவு பிசகாமல், பலகையில் இறக்கினேன். பழக்கத்தில் எலுமிச்சை மரமும் வந்துவிட்டது. அம்மையார் நெடுநேரம் பார்த்தார்.

"கம்பியை எங்க போட்டிருக்கீங்க?"

"அடியில, மேடம்."

"ஏன் அடியில?"

"பாரத்தைத் தாங்கறதுக்கு."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அம்மையார் சிரிக்கவில்லை. மேஜை மேலிருந்த நீளமான ரப்பரை எடுத்து, ஒரு முனையை மேஜை விளிம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியே நீண்டிருந்த மறுமுனையை விரலால் கீழே அமுக்கினார். "எந்தப் பக்கம் பிளக்கப் பாக்குது?" என்றார். "மேல் பக்கம்" என்றேன். "அப்ப கம்பி எங்க வேணும்?" என்றார். நான் பலகையில் என் படத்தின் அடியிலிருந்த கம்பியைப் பார்த்தேன். உங்கள் வீட்டிலும் அது அடியில்தான் இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

"மரமெல்லாம் போட்டிருக்கீங்களே. இது நிஜமா எங்கயாவது இருக்கற வீடா?"

"எங்க மாமா வீடு, மேடம்."

"கட்டிட்டாங்களா?"

"கட்டிக்கிட்டிருக்காங்க."

"எத்தனை பேர் நிப்பாங்க?"

"ஆறு பேருக்கு மேஜை. ஞாயித்துக்கிழமைன்னா பத்து பேர். மாமாவுக்கு ஆடறதுன்னா கொஞ்சம் பிரியம்."

இப்போது பெஞ்சில் ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மையார் சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "வெளிய போய் போன் பண்ணிச் சொல்லிட்டு வாங்க. நாங்க காத்திருக்கோம்" என்றார்.

முற்றத்தில் நின்று உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் காபிக்கடையில் இருந்தீர்கள். "எஞ்சினியர் பேசறார், எல்லாரும் சத்தம் போடாம இருங்கப்பா" என்று சொல்லி போனைச் சத்தமாக வைத்தீர்கள். நான், "மாமா, அந்த பால்கனி..." என்று ஆரம்பித்தேன். "கான்கிரீட் போட்டாச்சு மருமகனே, கல்லு மாதிரி நிக்குது. அடியில முட்டுக்கொடுத்த சென்ட்ரிங் பலகை மட்டும் பிரிக்கல. உங்கம்மா பதுவாவுக்குப் போய் உன் பட்டப் படத்தோட திரும்பி வரட்டும், அன்னிக்குத்தான் பிரிக்கணும்னு சொல்லிட்டேன். முதல் அடி அக்காதான் எடுத்து வைக்கணும்" என்றீர்கள். கடையே கைதட்டியது. "நீ என்னமோ சொல்ல வந்தியே?" என்றீர்கள். "அங்க வெயில் எப்படி மாமா?" என்று கேட்டேன். "பிப்ரவரியில என்னடா வெயிலு, மழைதான்" என்றீர்கள். சரி மாமா என்று வைத்துவிட்டேன்.

உள்ளே போனதும் அம்மையார், "சொல்லிட்டீங்களா?" என்றார். "சொல்லிட்டேன்" என்றேன். "நல்லது. நீங்க ஜூன்ல வாங்க" என்றார். தேர்ச்சி தரவில்லை என்பது எனக்கு வலிக்கவில்லை மாமா. நல்லது என்று சொல்லி நம்பினாரே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் சாப்பாடு உள்ளே போக மறுக்கிறது. அதன் பிறகும் இரண்டு தடவை உங்களைக் கூப்பிட்டேன். ஒரு தடவை அத்தை எடுத்தார்கள், அவர்கள் ரத்தக் கொதிப்பை நினைத்து வைத்துவிட்டேன். இன்னொரு தடவை நீங்களே எடுத்து, "சொல்லுங்க எஞ்சினியர்" என்றீர்கள். நீங்கள் என்னைப் பன்மையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

போன திங்கட்கிழமை அம்மா வந்து இறங்கினாள். இரண்டு தட்டு பாலாடைக்கட்டி பியூரெக், ஒரு தகர டப்பா ஆலிவ் எண்ணெய், நீங்கள் கொடுத்தனுப்பிய ஆரஞ்சு, இவ்வளவையும் கப்பலிலும் ரயிலிலும் மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். என்னோடு அறையில் இருக்கும் ஸூராப், மருந்தியல் படிக்கிற ஜார்ஜியா நாட்டுப் பையன், ஒரு தட்டை நின்றபடியே முடித்தான். மறுநாள் அம்மாவைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனேன். பட்டம் வாங்கும் காலம் என்பதால் தெருவுக்குத் தெரு ஒருவனை நிற்கவைத்து, தலையில் இலைமாலை வைத்து, முட்டையும் மாவும் அடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒருவனைப் பார்த்து நின்றுவிட்டாள். "இந்தப் பையன் என்னடா தப்புப் பண்ணினான்?" என்றாள். "பட்டம் வாங்கிட்டான்மா" என்றேன். "உனக்கு என்னிக்கு அடிப்பாங்க?" என்று ஆசையோடு கேட்டாள்.

ஸூராபிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். பால்கனியை மட்டும் சொல்லவில்லை. அவன் யோசித்துவிட்டு, "உங்கம்மா அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காங்க. ஒரு மாலை, கொஞ்சம் முட்டை, அரைக்கிலோ மாவு. இதுல பட்டத்தை யாருடா கேக்கப் போறா?" என்றான். எனக்கு அது மகா பாவம் என்று தெரிந்தது. ஆனாலும் புதன்கிழமை மத்தியானம் ஆர்கேடு என்னும் தூண் வரிசை நடைபாதையில் ஒரு முக்காலியில், உள்ளாடையோடு, தலையில் இலைமாலையோடு நின்றேன். பட்டம் வாங்கியவனின் கோமாளித்தனங்களையெல்லாம் பாட்டாக எழுதிய பெரிய சுவரொட்டி ஒன்றை அவனே உரக்கப் படிக்க வேண்டும் என்பது இங்கே முறை. எனக்குப் பாட்டெழுத நேரமில்லாததால், ஸூராப் சுவரில் ஒட்டியிருந்த வேறு யாருடையதோ ஒன்றைக் கிழித்து வந்து, பெயரின் மேல் காகிதத்தை ஒட்டியிருந்தான். நான் படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அது கால்நடை மருத்துவம் முடித்த ஒரு பெண்ணுடையது. "முதல் பசுவின் பிரசவத்தில் நான் மயங்கி விழுந்தேன்" என்று படித்தேன். நீங்களும் அம்மாவும் சின்ன வயதில் கூரை மேல் ஏறி, யாருக்கும் தெரியாமல் ஆன்டெனாவைத் திருப்பி, இத்தாலியத் தொலைக்காட்சி பார்த்தே இந்த மொழியைக் கற்றவர்கள் என்பதை எப்படித்தான் மறந்தேனோ. "எஞ்சினியரிங்ல பசு எதுக்குடா?" என்று அம்மா கேட்டாள். ஸூராப் கொஞ்சமும் தயங்காமல், "பாலம் கட்டும்போது குறுக்க வருமேம்மா" என்றபடி என் நெற்றியில் ஒரு முட்டையை உடைத்தான்.

மஞ்சள் கரு கண்ணில் வழிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால், கூட்டத்துக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பெகொராரோ அம்மையார் நிற்கிறார்.

சுவரொட்டியைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். "யாருப்பா அது?" என்று அம்மா கேட்க, ஒன்றும் தெரியாத ஸூராப், "அவங்கதாம்மா இவனோட கட்டுமானப் பேராசிரியை" என்றான். மாமா, உங்கள் அக்காவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், அம்மையாரின் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டு, மிச்சமிருந்த பியூரெக்கைத் தட்டோடு சைக்கிள் கூடையில் வைத்துவிட்டாள். "என் பையனை மனுஷனாக்கிட்டீங்க, தாயே" என்றாள். அம்மையார் என் தலையிலிருந்த மாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அவர் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். "உங்க பையன் மரமெல்லாம் நல்லா வரைவார்" என்றார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் தம்பி வீட்டு பால்கனியும் இவன் வரைஞ்சதுதான். சென்ட்ரிங் பிரிக்க என்னைத்தான் எதிர்பாத்துக்கிட்டிருக்காங்க. நான்தான் போய் முதல்ல நிக்கணும்" என்றாள்.

அம்மையார் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு என்னைத் தூணோரம் கூப்பிட்டார். நான் உள்ளாடையோடு, மாவோடு, போய் நின்றேன்.

"முதல்ல நிக்கப் போறது யாருன்னு உங்கம்மா சொன்னதைக் கேட்டீங்கல்ல?"

"கேட்டேன், மேடம்."

"அன்னிக்கு நீங்க சொல்லல."

"சொல்லல, மேடம்."

"போன் உங்களுக்குச் சரிப்படாது. எழுதுங்க. எழுதி உங்கம்மா கையில குடுங்க" என்றவர், என் கையிலிருந்த சுவரொட்டியை வாங்கி, அதன் பின்பக்கத்தில் பென்சிலால் உங்கள் பால்கனியை வரைந்து, அதன் வெளி முனையில் இரண்டு தூண்களைப் போட்டார். "இந்த ரெண்டையும் குடுத்துட்டா அடியில போட்ட கம்பி அடியிலயே சரி. தப்பான பால்கனிதான், ஆனா தூணுக்கு மேல ஒழுங்கா நிக்கும்" என்றார். என் தலைமயிரிலிருந்து ஒரு சொட்டு முட்டை அந்தப் படத்தின் மேல் விழுந்தது. அவர் தன் கைக்குட்டையால் அதை ஒற்றி எடுத்துவிட்டு, "ஜூன்லயும் இதே கேள்வியைத்தான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டு, பியூரெக்கோடு சைக்கிளில் போய்விட்டார்.

அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கத்துப் பசுவைப் பொருட்படுத்த வேண்டாம். சென்ட்ரிங்கை யார் சொன்னாலும் பிரிக்க வேண்டாம், முதலில் இரண்டு தூண்களையும் எழுப்பிவிடுங்கள். ஜெவாத் கேட்டால் இத்தாலியில் இப்போது இதுதான் புதுமாதிரி என்று சொல்லிக்கொள்ளுங்கள். என் வரைபடத்தில் என் பெயருக்கு முன்னாலுள்ள சொல்லை அடித்துவிடுங்கள். வாசலில் இருக்கும் பலகையையும் கழற்றிவிடுங்கள். அதன் ஆணி ஓட்டைகளைக் கோடையில் நானே வந்து அடைக்கிறேன், அந்த அளவுக்கு எனக்குத் தெரியும். முப்பது வருடமாகக் கட்டுகிற வங்கெல் மேஸ்திரியின் கைக்கு மேல் என் கையை வைத்ததற்கு அவரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். அத்தையிடம் எதையும் நின்றபடி சொல்லாமல் உட்காரவைத்துச் சொல்லுங்கள். எனக்கு ஒரு தாய்மாமனாக நீங்கள் செய்தது எதற்கும் நான் தகுதியில்லாதவன். ஆனாலும் உங்கள் முழங்காலும் அத்தையின் ரத்தக் கொதிப்பும் சீக்கிரம் குணமாகி, நீங்கள் இருவரும் நூறு வயது, கெட்டியான தரையில் நின்று, வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் முகத்தில் விழிக்க வெட்கப்படும் மருமகன்,
வெறும் எர்மால்.

பின்குறிப்பு: அம்மா சனிக்கிழமை கப்பல் ஏறுகிறாள். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். அவளுக்கு இதில் எதுவும் தெரியாது. தெரியப்படுத்தும் தைரியத்தை நீங்கள்தான் எனக்குத் தர வேண்டும்.

தம்பி, இதே கடுதாசி அடியில லிரி அக்கா எழுதறேன். பையன் வெளிய போயிருக்கான். உறையைக் கெட்டில் ஆவியில காட்டிப் பிரிச்சுப் படிச்சேன். ரெண்டு எடத்துல சிரிச்சேன், ஒரு எடத்துல அழுதேன், எந்த எடம்னு உனக்குச் சொல்ல மாட்டேன். வங்கெல் இவன் முதல்ல வரைஞ்சு அனுப்பின படத்தைத் தரையில விரிச்சு, கொஞ்ச நேரம் பாத்துட்டு, நம்ம ரெண்டு பேர் மூஞ்சியையும் பாத்துட்டு, பேசாம அதைத் தலைகீழாத் திருப்பி வச்சுக்கிட்டுக் கம்பி கட்டினான் பாரு, அதை நான் இவன்கிட்ட மூச்சு விடல. பையன் மனசு ஒடிஞ்சிடும், சொல்லாதேன்னு நீதான சொன்னே. கம்பி மேலதான் இருக்கு, அதனால தூண் கீணுன்னு எதையாவது கட்டி வைக்காதே, விட்டோரேயோட எலுமிச்சை மரத்தை வெட்ட வேண்டி வரும். பட்டம் வாங்கலைங்கறதும் பசு வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா அந்த ஜார்ஜியாப் பையன் பதினாலு முட்டை வாங்கிட்டு வந்து நின்னான், அவன் முகத்துக்காகக் கைதட்டினேன். வாத்தியாரம்மா கையைப் பிடிச்சதும் தெரிஞ்சுதான் பிடிச்சேன்.

நீ இவனுக்குப் பதில் எழுதும்போது, படிச்சதும் ஈரக்குலை நடுங்கிடுச்சு, நல்லவேளை சொன்னே, நீ சொன்னதாலதான் ஒரு வீடே பொழைச்சுதுன்னு எழுது. அவன் அதை நம்பணும். கடுதாசியை இங்கேருந்து நம்ம ஊருக்கு வேன் ஓட்டற பெத்ரித் கிட்ட குடுத்தனுப்பறேன், ஏன்னா நான் வரல. பாஸ்போர்ட்டுல தொண்ணூறு நாள் குடுத்திருக்காங்க, ஜூன் பரீட்சை அதுக்குள்ள வந்துடுது. சமையலறை மேஜையை ஜன்னல் பக்கம் நகத்திப் போட்டாச்சு. ஜார்ஜியாப் பையன் இவனைப் பாடத்துல கேள்வி கேக்கறதாச் சொல்லியிருக்கான், நான் பக்கத்துல உக்காந்து காய் நறுக்கப் போறேன். எர்மாலுக்கு இன்னும் தெரியாது. அவன் இப்ப எனக்குக் கப்பல் டிக்கெட் வாங்கத்தான் போயிருக்கான்.